விசைப்படகின் தூக்கு ஸ்விட்ச்

செம்பூரிலிருந்து டிராம்பே, மாகுல் படகுத்துறைகளுக்குச் சென்று வந்த நண்பர்கள் கண்டிருப்பார்கள்: காலையில் படகு மிதந்த இடத்தில் பிற்பகல் வெறும் சேறு கிடக்கும். பெரிய ஓத நாட்களில் மும்பையில் கடல்மட்டம் 4 மீட்டருக்கும் மேலாக ஏறி இறங்குகிறது. கோலி மக்கள் பர்த்தி என்றும் ஓஹோட்டி என்றும் சொல்லும் இந்த ஏற்றவற்றம் நம் பாடத்துக்கு மிக நெருங்கியது. ஏனெனில், படகின் பின்புறத்தில் தொங்கும் இயந்திரத்தின் விசிறி, படகின் அடித்தளத்தைவிடத் தாழ்ந்திருக்கிறது. நீர் வற்றும்போது இயந்திரத்தைத் தூக்க முடியாவிட்டால் விசிறி சேற்றில் புதையும். குளிர்நீர் உறிஞ்சும் துளைகள் அடைபடும். நீர் திரும்பும்வரை பல மணி நேரம் படகிலிருப்போர் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

1909-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஓலே எவின்ருட் விற்ற இயந்திரம் சிறியது, கையால் தூக்கிவிடலாம். இன்றைய 40 குதிரைத்திறன் இயந்திரமோ 70 கிலோவுக்கு மேல். ஆகவே ஒரு சிறு மின்மோட்டார் எண்ணெயை அழுத்தி, தண்டை நீட்டி, அதைத் தூக்குகிறது. அந்த மோட்டாருக்கு வேண்டிய பெருமின்னோட்டம் ஸ்விட்ச் வழியே போவதில்லை என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். ஸ்விட்ச் செய்வதெல்லாம், தூக்குவதற்கு ஒன்று, இறக்குவதற்கு ஒன்று என்று உள்ள இரு ரிலேக்களில் ஒன்றை எழுப்புவதே. அதனால் அதற்கு மூன்றே கம்பிகள். பழைய யமஹா இயந்திரங்களில் சிவப்பு, மின்சாரம் வரும் வழி, வான நீலம் தூக்க, வெளிர்பச்சை இறக்க.

ஸ்விட்ச் கெட்டதென்று முடிவு செய்யுமுன் அதை அழுத்திக் காது கொடுத்துக் கேளுங்கள். ரிலே ‘டிக்’கென்று ஒலித்தும் மோட்டார் ஓடாவிட்டால் ஸ்விட்ச் குற்றமற்றது, பாட்டரியையும் தடித்த கம்பிகளையும் ரிலேயின் முனைகளையும் மோட்டாரையும் ஆராய வேண்டும். ஒலியே இல்லையென்றால், இரண்டாவது ஸ்விட்சை அழுத்துங்கள். பெரும்பாலும் ஓட்டுநர் கைப்பிடியில் ஒன்றும் இயந்திரத்தின் பக்கவாட்டில் ஒன்றும் இருக்கும். ஒன்று வேலை செய்து மற்றொன்று செய்யாவிட்டால் ரிலேயும் மோட்டாரும் நலம். குறை, வேலை செய்யாத ஸ்விட்சிலோ அதற்குச் செல்லும் கம்பியிலோதான்.

இனி 12 வோல்ட் ஸ்கூட்டர் பல்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மீட்டரைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை. உப்பு அரித்து ஓரிழை மட்டும் மிஞ்சிய கம்பியிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டிவிடும். பல்போ மங்கி உண்மையைச் சொல்லிவிடும். சிவப்பில் பல்பு எரிந்து, அழுத்தும்போது நீலத்தில் எரியாவிட்டால் ஸ்விட்ச் செத்தது. சிவப்பையும் நீலத்தையும் ஒரு கம்பித்துண்டால் தொட்டால் இயந்திரம் எழும். ஐயம் முற்றும் தீரும்.

அப்படியே முழுதும் எழுப்பித் தாங்குகொக்கியை மாட்டுங்கள். கொக்கி மாட்டாமல் அதன் கீழே கையை நீட்டவே கூடாது. பின்பு பாட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றிவிட்டுப் பழைய ஸ்விட்சை எடுக்கலாம். உள்ளே பச்சைக் களிம்பு பூத்திருக்கும். கம்பியையும் செம்பு பளபளக்கும் இடம்வரை வெட்டிவிடுங்கள். முறுக்கி டேப் சுற்றுவது இங்கே உதவாது. உப்புநீர் உள்ளே ஊறும். பற்றாசு மட்டும் வைத்தால் அதிர்வில் ஒடியும். வெள்ளீயம் பூசிய கம்பி, நசுக்கி இணைக்கும் குழல், அதன்மேல் சூட்டில் சுருங்கிப் பசை கசியும் உறை ஆகியவையே நிலைக்கும்.

லாமிங்டன் ரோடு கடைகளில் கார் ஜன்னல் ஸ்விட்ச் மலிவாகக் கிடைக்கிறதே, அதை வைத்தால் என்ன என்று மாட்டுங்காவில் பயிலும் பொறியியல் மாணவர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. ஐந்து முனையுள்ள அத்தகைய ஸ்விட்சுகள் பல, ஓய்வு நிலையில் இரு வெளிக்கம்பிகளையும் எதிர்முனையோடு சேர்த்து வைக்கின்றன. அது ஒன்று மட்டுமே இருந்தால் குற்றமில்லை. இங்கோ இரு ஸ்விட்சுகள் இணையாக உள்ளன. மற்றதை அழுத்திய கணமே மின்சாரம் ரிலேயைப் பாராமல் நேரே எதிர்முனைக்கு ஓடி ஃப்யூஸ் எரிந்துபோகும். நடுவில் எதையும் தொடாமல் நிற்பதும், விரலை எடுத்ததும் தானே நடுவுக்குத் திரும்புவதுமான ஸ்விட்சே வேண்டும்.

பாட்டரியை இணைத்துக் கொக்கியை விடுவித்து, இரு ஸ்விட்சுகளாலும் மும்முறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். விரலை எடுத்த பின்னும் மோட்டார் ஓடினால் உடனே பாட்டரியைக் கழற்றுங்கள்.

கழியில், நீர் வற்றும் நேரத்தில் ஸ்விட்ச் கைவிட்டால், எண்ணெய்ப் பகுதியின் பக்கத்திலுள்ள கைத்திருகைத் தளர்த்தி, இருவராகச் சேர்ந்து இயந்திரத்தைத் தூக்கிக் கொக்கி மாட்டலாம். அத்திருகு எங்கே இருக்கிறதென்று கரையிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஆழ நீருக்கு வந்ததும் இயந்திரத்தை இறக்கி அதை மீண்டும் இறுக்க வேண்டும்; இல்லையேல், பின்னோக்கிச் செலுத்தும்போது இயந்திரம் தானே மேலெழும்பிவிடும்.