எதிராளி பூவா தலையா போடுவதில்லை

வலையமைப்பில் ஓடும் ஃபஸ்ஸி கட்டுப்பாட்டில் ஆய்வு தொடங்கும் பிள்ளைகளுக்கு:

1. கணக்கில் இறங்கும் முன் எதிராளி யாரென்று தெரிந்துகொள். 2000-இல் ஆஸ்திரேலியாவின் மருச்சி வட்டாரத்தில் கழிவுநீரேற்று நிலையங்களுக்கு ரேடியோ வழியே பொய்க்கட்டளை போனது. ஏறத்தாழ 8 லட்சம் லிட்டர் சாக்கடை நீர் பூங்காக்களிலும் ஓடைகளிலும் பாய்ந்தது. செய்தவர், அந்தக் கருவிகளை நிறுவிய நிறுவனத்தின் முன்னாள் ஊழியர். ஆகவே, உன் கணித மாதிரி எதிராளிக்குத் தெரியாது என்று எழுதாதே.

2. ஃபஸ்ஸிக்கென்றே ஒரு பலவீனம் உண்டு. தகாகி–சுகெனோ மாதிரி (1985) பல நேரியல் துண்டுகளை எடைபோட்டுக் கலக்கிறது. எடையைத் தீர்மானிக்கும் அளவீடும் அதே வலையில்தான் வருகிறது. அதில் கைவைப்பவன் பொய்ச்சாட்சி சொல்வதோடு நிற்பதில்லை. பஞ்சாயத்தில் யார் பேச்சு எடுபடும் என்பதையே மாற்றிவிடுகிறான். தாக்குதல் இல்லாவிட்டாலும் தாமதம் ஒன்றே போதும்: ஆலையில் ஓர் எடை, கன்ட்ரோலரில் வேறோர் எடை. இரண்டும் ஒன்றே என்று வைத்துக்கொண்டால் எல்.எம்.ஐ. (நேரியல் அணிச் சமனிலி) சுலபமாகத் தீரும். பலரும் அப்படித்தான் வைத்துக்கொள்கிறார்கள். நீ அந்த வித்தியாசத்துக்கு மேல்வரம்பு எழுது. தீர்வு கிடைப்பது கடினமாகும். கிடைத்தால் அது உண்மையான வலைக்குப் பொருந்தும்.

3. சேவை மறுப்புத் தாக்குதலை பெர்னூலி மாறியாக எழுதுவது ஒரு சோம்பேறிப் பழக்கம். பாக்கெட் தானாகத் தொலைந்தால் சரி. கெடுக்க வந்தவன் பூவா தலையா போட்டுவிட்டா வருவான்? டி பெர்சிஸும் டெசியும் 2015-இல் எழுதியதைப் படி: நிகழ்தகவை விட்டுவிட்டு, எத்தனை முறை, எவ்வளவு நேரம் தடுக்க முடியும் என்பதற்கு மட்டும் வரம்பு வைத்தார்கள். தேவைப்படும்போது மட்டும் அனுப்பும் முறையைச் சேர்த்தால் இன்னும் கவனம் வேண்டும். பாக்கெட் குறையக் குறைய ஒவ்வொன்றின் விலையும் ஏறும்.

4. அளவீடு ஒழுங்காக இருக்கிறதே என்று நிம்மதி அடையாதே. 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட், இயல்பான அளவீடுகளை முன்பே பதிவுசெய்து, தாக்கும்போது அவற்றையே ஓட்டிக்காட்டியது. யிலின் மோவும் சினோபொலியும் 2009-இலேயே இதற்கு மருந்து சொன்னார்கள்: கட்டளையோடு நமக்கு மட்டும் தெரிந்த சிறு தற்செயல் சைகையைக் கலந்துவிடு, வெளியீட்டில் அதன் சாயல் இல்லையென்றால் வருவது பழைய பதிவு. கட்டுப்பாட்டின் தரம் சற்றுக் குறையும். அந்த விலையையும் கட்டுரையில் எழுது.

5. எல்லோரும் எடுக்கும் தலைகீழ் ஊசலை விட்டு வேறு உதாரணம் எடு. புண்ணியமாகப் போகும்.

6. 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் இணையத் தாக்குதலால் சுமார் 2.25 லட்சம் நுகர்வோருக்கு மின்சாரம் போனது. துணை மின் நிலையங்களின் தகவல்தொடர்புக் கருவிகளையும் தாக்கியவர்கள் பாழாக்கிவிட்டதால், ஊழியர்கள் நேரில் போய்க் கையால் பிரேக்கர்களைப் போட்டார்கள். உன் வடிவமைப்பிலும் கைக்கு ஓர் இடம் வை. கையிலிருந்து மறுபடி கன்ட்ரோலருக்கு மாறும் கணத்தில் வெளியீடு எகிறாமல் பார்ப்பது தனி வேலை. அதற்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கு.