காதிரைச்சலும் தாதுச் சத்துகளும்

மக்களுக்கு உண்டாகும் நோய்களுள் சில பிறர் கண்ணுக்குப் புலனாவன. சில நோயுற்றார் ஒருவர்க்கே புலனாவன. பின்னவற்றுள் ஒன்று காதிரைச்சல். புறத்தே ஓசை யாதும் இல்லாதிருக்கவும், வண்டு முரல்வது போலவும் சங்கு ஊதுவது போலவும் செவியில் ஓயாது ஒலி கேட்பதே இதன் இயல்பு. வயது வந்தோருள் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பேர் வரை இதனை உணர்கின்றனர். அவருள் சிலர் உறக்கமும் ஊக்கமும் இழந்து வருந்துவர்.

இசைப் பேராசிரியர் பேத்தோவன் 1801-ஆம் ஆண்டில் தம் மருத்துவ நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், தம் செவிகள் இரவும் பகலும் இரைவதாகக் கூறி வருந்தினார். வாதுமை எண்ணெயும் வெதுவெதுப்பான நீராட்டும் அவருக்கு விதிக்கப்பட்டன, இரைச்சலோ நீங்கிற்றில்லை. இக்காலத்தில் அவற்றினிடத்தை மக்னீசியம், துத்தநாகம் முதலிய தாதுச் சத்து மாத்திரைகள் பெற்றுள்ளன. இவற்றால் விளையும் பயன் யாது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

முதற்கண் இரைச்சல் எழும் வகையை அறிதல் வேண்டும். உட்செவியில் நத்தையோடு போலச் சுருண்ட உறுப்பு ஒன்று உளது. அதனுள் ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் அமைந்து, ஒலியின் அதிர்வை மின்குறிகளாக மாற்றி நரம்பின் வழியே மூளைக்குச் செலுத்துகின்றன. பேரோசையாலோ முதுமையாலோ அவை அழியுமாயின், மனிதரிடத்து மீண்டும் தோன்றுவதில்லை. வரவேண்டிய குறிகள் குறையவே, மூளை தன் உணர்திறனை மிகுத்துக் கொள்கிறது. அங்ஙனம் மிகுந்த நரம்பியக்கமே ஒலியாகத் தோன்றுகிறது என்பது அறிஞர் பலர் கொள்கை.

இவ்வுறுப்பின் தொழிலுக்குத் தாதுக்கள் இன்றியமையாதன. மயிரணுக்களின் முனையைச் சூழ்ந்த நீரில் பொட்டாசியம் மிகுந்துள்ளது. மக்னீசியம் நரம்பணுக்களின் மிகையான கிளர்ச்சியை அடக்குகிறது. துத்தநாகமும் உட்செவியில் காணப்படுகிறது. இவற்றைக் கண்டோர், ‘சத்தினை உண்டால் இரைச்சல் தீரும்’ எனத் துணிந்தனர். ஆயினும், ஒரு பொருள் ஓர் உறுப்புக்கு வேண்டப்படுவது வேறு. அப்பொருளை மிகுதியாக உண்பதால் அவ்வுறுப்பின் நோய் தீர்வது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் கூடாது.

மக்னீசியத்தைப் பற்றி இஸ்ரேல் நாட்டில் நிகழ்ந்த ஆராய்ச்சியொன்று 1994-இல் வெளியாயிற்று. துப்பாக்கிப் பயிற்சி பெற்ற இளம் படைவீரர் 300 பேருள் ஒரு சாரார்க்கு நாடோறும் 167 மில்லிகிராம் மக்னீசியமும், மற்றவர்க்குச் சத்தற்ற வெறும் பொருளும் இரண்டு திங்கள் அளவும் கொடுக்கப்பட்டன. மக்னீசியம் உண்டாரிடத்துச் செவிக்கேடு குறைவாகக் காணப்பட்டது. ஆயின் இது கேடு வருமுன் காத்த செய்தியேயன்றி, வந்த இரைச்சலைத் தீர்த்த செய்தியன்று.

துத்தநாகத்தின் நிலையும் கருதத்தக்கது. 209 பேரை உட்கொண்ட மூன்று சோதனைகளை ஒருங்கு ஆராய்ந்த காக்ரேன் குழுவினர், அதனால் இரைச்சல் தணிந்தது என்பதற்குச் சான்றில்லை என 2016-இல் முடிவு கூறினர். அவ்வாண்டில் வெளியான மற்றோர் ஆய்வில், 53 நாடுகளைச் சேர்ந்த இரைச்சலுடையார் 1,788 பேர் வினவப்பட்டனர். சத்து மாத்திரை உண்டவருள் நூற்றுக்கு 71 பேர் மாறுதல் இல்லை என்றனர்; 19 பேர் தணிந்தது என்றனர்; 10 பேர் மிகுந்தது என்றனர். அமெரிக்கக் காது மூக்குத் தொண்டை மருத்துவக் கழகமும் இத்தகைய மாத்திரைகளை இந்நோய்க்குப் பரிந்துரைத்தல் ஆகாதென 2014-இல் அறிவித்தது.

அங்ஙனமாயின் தாதுக்களால் யாதும் பயனில்லையோ எனின், அன்று. குறை உள்ளவிடத்துப் பயன் உண்டு. இரும்புச் சத்துக் குறைந்து இரத்தச் சோகை உண்டாகுங்கால், குருதி விரைந்தோடுவதால் கழுத்து நாளங்களில் எழும் ஓசை, நாடித் துடிப்போடு ஒத்தோ ஓயாத முழக்கமாகவோ செவிக்குக் கேட்கலாம். சோகை நீங்கவே அவ்வொலியும் தணிதல் உண்டு. நம் நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள மகளிருள் நூற்றுக்கு 57 பேர் இரத்தச் சோகையுடையார் என 2019–21-ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புக் காட்டுதலின், இது நாம் புறக்கணிக்கத்தக்கதன்று. இரத்தத்தைச் சோதித்துக் குறையுண்டெனக் கண்ட பின்னரே மருந்து கொள்ளுதல் முறை.

அளவிறந்து உண்பதால் தீங்கும் விளையும். துத்தநாகம் நெடுநாள் மிகின், உடலிற் செம்பு குறைந்து சோகையும் நரம்புக் கேடும் உண்டாம். மக்னீசியம் மிகின் வயிற்றுப்போக்கு உண்டாம்; சிறுநீரகம் பழுதுற்றார்க்கு அது பேரிடராகும். நாடோறும் வேண்டும் அளவினைக் கேழ்வரகு, கீரை, பயறு, எள், நிலக்கடலை முதலிய எளிய உணவுகளாற் பெரும்பாலும் பெறலாம். மாத்திரைக்குச் செல்லும் பொருளை ஏழைக் குடும்பத்தார் நல்லுணவிற்குச் செலவிடுதல் சிறப்புடைத்து.

இரைச்சலுடையார் முதலில் மருத்துவரை நாடுக. செவியில் அடைத்த குறும்பியும், மிகுதியாக உட்கொண்ட ஆஸ்பிரின், குவினைன் முதலிய மருந்துகளும் இதற்குக் காரணமாதல் உண்டு. ஒரு செவியில் மட்டும் இரைச்சல் கேட்பினும், நாடியோடு ஒத்து ஒலிப்பினும் காலந் தாழ்த்தலாகாது. திடீரெனக் காது கேளாமற்போயின் அன்றே செல்லுதல் வேண்டும். காரணம் காணப்படாதவிடத்துச் செவிக்கருவியும், மெல்லிய துணையொலியும், மனத்தைப் பழக்கும் பயிற்சியும் துன்பத்தைக் குறைக்கும்.

மாணவராகிய நாம் கருதவேண்டுவது இன்னும் ஒன்று உண்டு. காதிற் செருகிக் கேட்கும் கருவிகளின் ஓசை 80 டெசிபெல் அளவில் வாரத்திற்கு 40 மணி நேரத்திற்கு மேற்படலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நெறி. ஓசை மிக மிகக் கேட்கும் நேரமும் குறைதல் வேண்டும். இழந்த மயிரணுக்களை மீட்டுத் தரும் மாத்திரை இன்று இல்லை. ஆதலின் உள்ளவற்றைக் காத்துக்கொள்வதே அறிவுடைமையாம்.