எஸ்.எம்.பி. 1-ஐ ஆன் பண்ணச் சொன்னது யார்?

நம்பிக்கை: "ரெண்டு சிஸ்டமும் ஒன்றையொன்று பார்க்கலையா? எஸ்.எம்.பி. 1-ஐ ஆன் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணுங்க. சரியாயிடும்."

தருமபுரி, பாலக்கோடு, அரூர் என்று எந்த ஊர் வீட்டுக்குப் போனாலும் இந்த வைத்தியம் எனக்கு முன்பே போய் உட்கார்ந்திருக்கிறது. அண்ணன் பள்ளியில் வாங்கிய அரசு லேப்டாப்பில் விண்டோஸ் 7. தங்கை கல்லூரிக்காக வாங்கியதில் விண்டோஸ் 11. ஒன்றில் இருக்கும் கல்யாண வீடியோ இன்னொன்றில் திறக்க வேண்டும், திறக்கவில்லை. கம்ப்யூட்டர் தெரிந்த தம்பி ஒருவர் வருகிறார், கன்ட்ரோல் பேனலுக்குள் நுழைகிறார், ஒரு பெட்டியில் டிக் போடுகிறார், டீ குடித்துவிட்டுப் போகிறார். அந்த டிக்கை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

உண்மை: எஸ்.எம்.பி. என்பது ஒரு சிஸ்டம் இன்னொன்றிடம் ஃபைல் கேட்கும் முறை. அதன் முதல் பதிப்பு 1980-களின் சரக்கு. விண்டோஸ் எக்ஸ்பிக்கு அது மட்டும்தான் தெரியும். விஸ்டாவிலேயே இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது. விண்டோஸ் 7 பேசுவது 2.1; விண்டோஸ் 11-க்கும் அது நன்றாகவே புரியும். அண்ணன் தங்கை லேப்டாப்புகளுக்கு நடுவே முதல் பதிப்புக்கு ஒரு வேலையும் கிடையாது. பிறகு அதை எதற்குத் திறந்து வைக்கிறீர்கள்?

2017 மே 12-ஐ அதற்குள் மறந்துவிட்டோம். வன்னாகிரை வைரஸ் நுழைந்தது இந்த முதல் பதிப்பின் ஓட்டை வழியாகத்தான். பிரிட்டன் அரசு மருத்துவமனைகள் முடங்கின. நம் பக்கத்தில் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் கணினிகள் சிலவும், கேரளத்தில் வயநாட்டுப் பஞ்சாயத்து அலுவலகக் கணினிகளும் மாட்டின. ஃபைல்களைப் பூட்டிவிட்டு 300 டாலரைப் பிட்காயினாகக் கேட்டது. யாரும் எதையும் கிளிக் செய்யத் தேவையில்லை. ஒரு சிஸ்டத்தில் நுழைந்தால் போதும், 445-ஆம் போர்ட் திறந்திருக்கும் அடுத்த சிஸ்டத்தைத் தானே தேடிப் போகும். "அதெல்லாம் எக்ஸ்பி வச்சிருந்தவங்களுக்கு" என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். பாதிக்கப்பட்டவற்றில் சுமார் 98 விழுக்காடு விண்டோஸ் 7 என்பது காஸ்பர்ஸ்கி நிறுவனத்தின் கணக்கு. உங்கள் வீட்டு அரசு லேப்டாப்பில் இருப்பதும் அதுதானே?

ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு மார்ச் 14-லேயே வெளியிட்டுவிட்டது என்பது உண்மை. அது உங்கள் லேப்டாப்பில் ஏறியதா என்று யார் பார்த்தார்கள்? 2020 ஜனவரி 14-ஓடு விண்டோஸ் 7-க்கான ஆதரவே முடிந்துவிட்டது. மைக்ரோசாஃப்டில் இந்தப் பிரிவைக் கவனித்த நெட் பைல், வன்னாகிரைக்கு முன்பே, 2016 செப்டம்பரில், எஸ்.எம்.பி. 1-ஐ நிறுத்துங்கள் என்று வெளிப்படையாக எழுதினார். செய்தவனே வேண்டாம் என்கிறான், நாம் விடமாட்டேன் என்கிறோம்.

"ஆன் பண்ணதும் வேலை செஞ்சதே சார்?" என்பார்கள். செய்திருக்கலாம். ரீஸ்டார்ட் செய்ததில் தொங்கிக் கிடந்த ஏதோ ஒன்று எழுந்திருக்கும். இல்லையென்றால், 'நெட்வொர்க்' ஜன்னலில் சிஸ்டங்களின் பெயர்களைக் காட்டும் பழைய ஏற்பாடு முதல் பதிப்போடு சேர்ந்து உயிர் பெற்றிருக்கும். பெயர் தெரிவது வேறு, ஃபோல்டர் திறப்பது வேறு. அந்த ஜன்னல் காலியாக இருந்தாலும் அட்ரஸ் பட்டையில் \\192.168.1.5 என்பதுபோல் அந்த சிஸ்டத்தின் ஐ.பி. எண்ணை அடித்துப் பாருங்கள், பெரும்பாலும் கதவு தட்டப்படும். இன்னொரு வேடிக்கை: தம்பி டிக் போட்ட பட்டியலுக்குள்ளேயே 'தானாக நீக்கு' என்று ஒரு துணைப்பெட்டி இருக்கிறது. அதிலும் டிக் விழுந்திருந்தால், 15 நாள் பயன்படாத எஸ்.எம்.பி. 1-ஐ விண்டோஸே கழற்றிப் போட்டுவிடும்.

சரி, உண்மையான தடை எங்கே? பெரும்பாலும் பாஸ்வேர்டில். தங்கையின் லேப்டாப் திறப்பது நான்கு இலக்கப் பின் நம்பரில். அந்த எண் அந்த லேப்டாப்புக்குள் மட்டுமே செல்லும். நெட்வொர்க் வழியாக வருகிறவரிடம் விண்டோஸ் கேட்பது பயனர் பெயரும் பாஸ்வேர்டும். அண்ணனுடையதில் பாஸ்வேர்டே கிடையாது. பாஸ்வேர்டு இல்லாத கணக்கு வழியாக வெளியிலிருந்து நுழைய விண்டோஸ் விடுவதில்லை. இருவரும் மாற்றி மாற்றிப் பின் நம்பரை அடித்துப் பார்த்துவிட்டு நெட்வொர்க் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். ஃபைல் இருக்கும் சிஸ்டத்தில் ஷேரிங்குக்கென்றே ஒரு லோக்கல் அக்கவுண்டைத் தொடங்கி, அதற்கு ஒரு பாஸ்வேர்டு வையுங்கள். ஃபோல்டரை அந்தப் பெயருக்கு ஷேர் செய்யுங்கள். மறுமுனையில் அதே பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுங்கள். வைஃபை 'பப்ளிக்' என்று இருந்தால் 'பிரைவேட்' ஆக்குங்கள். அவ்வளவுதான் வைத்தியம்.

"பாஸ்வேர்டே வேண்டாம், எல்லாருக்கும் திறந்துவிடு" என்கிற குறுக்குவழியும் இப்போது அடைபட்டுவிட்டது. 2024-இல் வந்த 24எச்2 அப்டேட்டுக்குப் பிறகு விண்டோஸ் 11 புரோ, பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் நுழைவை இயல்பாகவே மறுக்கிறது. நேற்றுவரை திறந்த ஃபோல்டர் இன்று திறக்காததற்கு மாயம் காரணமல்ல.

மற்றவற்றைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ஃபயர்வாலை அணைத்தால்தான் ஷேர் ஆகும்? இல்லை, நெட்வொர்க்கைப் பிரைவேட் ஆக்கி, ஃபைல் ஷேரிங்கை ஆன் செய்தால் தேவையான வழியை ஃபயர்வாலே திறந்துகொள்ளும். நெட் இல்லாவிட்டால் ஷேர் ஆகாதா? ஃபைபர் அறுந்து கிடந்தாலும் ரூட்டருக்குக் கரன்ட் இருந்தால் போதும். டேட்டா தீர்ந்துவிடுமா? ஃபைல் வீட்டை விட்டு வெளியே போவதே இல்லை. ஒரே வீட்டு வைஃபையில் இருந்தால் எல்லாம் பார்த்துக்கொள்ளுமா? மாடியில் பழைய ரூட்டரை மாட்டியிருந்தால் அங்கே 192.168.0, கீழே 192.168.1 என்று வீடு இரண்டாகப் பிரிந்திருக்கும். மாடி ரூட்டரை ஆக்சஸ் பாயின்ட் ஆக்குங்கள்.

எஸ்.எம்.பி. 1 நிஜமாகவே தேவைப்படுகிறவர்களும் உண்டு. ஸ்கேனருக்காக எக்ஸ்பி சிஸ்டத்தைக் கைவிடாத ஸ்டுடியோக்காரர்கள், பழைய ரூட்டரின் யு.எஸ்.பி. ஓட்டையில் ஹார்ட் டிஸ்க் செருகியவர்கள். அந்த எக்ஸ்பியை நெட்வொர்க்கிலிருந்து கழற்றிவிட்டு பென்டிரைவில் எடுங்கள். அந்த ஹார்ட் டிஸ்கை ஒரு சிஸ்டத்தில் செருகுங்கள்.

கடைசியாக ஒன்று. 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பல லேப்டாப்புகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. வந்த வேகத்தில் நம் பிள்ளைகள் அதை அழித்துவிட்டு, சினிமா வைக்க இடம் பிடித்தார்கள். அலமாரியில் கிடக்கும் அதே லேப்டாப்பில் இன்றைய லினக்ஸ் ஒன்றை ஏற்றி சம்பா மென்பொருளைப் போட்டால் வீட்டுக்கே ஒரு ஃபைல் சர்வர் கிடைக்கும், லைசென்ஸுக்குக் காசில்லை. பழைய லினக்ஸ் வேண்டாம், அதுவும் முதல் பதிப்பைத்தான் தேடும். 2019-இல் வந்த சம்பா 4.11 முதல் அது இயல்பாகவே அணைந்திருக்கிறது. ஏற்றியதும் சம்பாவுக்கென்று தனியாக ஒரு பாஸ்வேர்டு வைக்க வேண்டும். லினக்ஸுக்குள் நுழையும் பாஸ்வேர்டு அங்கே செல்லாது.