தீர்ப்போடு நிறுத்தாதே, மனுவையும் படி

அன்பு மகளுக்கு,

வகுப்புக்காக நீ எழுதிய வாசிப்புக் குறிப்புகளை உன் அம்மா எனக்கு அனுப்பினாள். எல்லாவற்றையும் படித்தேன். கல்லூரியில் வரலாறு நடத்திய பழக்கத்தில் கை சிவப்பு மையைத் தேடியது. அடக்கிக்கொண்டு கடிதமாக எழுதுகிறேன்.

பகத் சிங் திண்ட் வழக்கைப் பற்றிய பக்கத்தில் உன் கோபம் தெரிகிறது. நியாயமான கோபம்தான். பஞ்சாபிலிருந்து 1913-இல் அமெரிக்காவுக்குப் போனவர். ஆரிகன் மாநிலத்தில் மரம் அறுக்கும் ஆலைகளில் வேலை பார்த்தவர். முதல் உலகப் போரின்போது அந்த நாட்டு ராணுவத்தில் சேர்ந்தவர். அவருக்குக் குடியுரிமை கிடையாது என்று 1923 பிப்ரவரி 19 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. குடியேறி வருகிறவர்களில் வெள்ளையர் மட்டுமே குடிமக்களாகலாம் என்பது 1790-ஆம் ஆண்டுச் சட்டம். உள்நாட்டுப் போருக்குப் பிறகு, 1870-இல், ஆப்பிரிக்க வம்சாவளியினரையும் சேர்த்தார்கள். ஆசியர் இரண்டு பட்டியலிலும் இல்லை.

திண்ட் தீர்ப்புக்கு மூன்று மாதம் முன்புதான் ஜப்பானில் பிறந்த தகாவோ ஒசாவாவின் வழக்கை அதே நீதிமன்றம் தள்ளியிருந்தது. வெள்ளையர் என்றால் காக்கேசிய இனத்தவர், ஜப்பானியர் அதில் சேரமாட்டார் என்பது அங்கே சொன்ன காரணம். காக்கேசியர் வகையில் இந்தியரும் அடக்கம் என்று இனவியல் நூல்களைக் காட்டி திண்ட் தரப்பு வந்து நின்றதும் காரணம் மாறிவிட்டது. நூல்கள் கிடக்கட்டும், சாதாரண மனிதன் யாரை வெள்ளையர் என்று நினைக்கிறானோ அவரே வெள்ளையர் என்றார்கள். இரண்டு தீர்ப்பையும் எழுதியவர் ஜார்ஜ் சதர்லேண்ட் என்ற ஒரே நீதிபதி. அவரும் இங்கிலாந்தில் பிறந்து, சிறுகுழந்தையாக இருந்தபோது அமெரிக்கா வந்து சேர்ந்தவர். இது உன் குறிப்பில் இல்லை, சேர்த்துக்கொள்.

திண்ட் தீர்ப்பை வைத்து, ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்களிடமிருந்தும் அரசு அதைப் பறித்தது. சான் பிரான்சிஸ்கோவில் கடை நடத்திய வைஷ்ணோ தாஸ் பகாய் அப்படி இழந்தவர். 1928-இல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

இவ்வளவு எழுதியவள், திண்ட் தரப்பு நீதிமன்றத்தில் என்ன கேட்டது என்று பார்க்காமல் விட்டுவிட்டாய். வெள்ளையருக்கு மட்டும் என்று வைத்திருப்பது அநியாயம் என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் வெள்ளையன்தான் என்பது அவர்கள் வழக்கு. அதற்குக் காட்டிய சான்று சாதி. உயர்சாதியினர் ஆரியர், சாதிக் கட்டுப்பாடு கடுமையாக இருப்பதால் அவர்கள் இரத்தம் கலக்கவில்லை, அமெரிக்க வெள்ளையர் திருமண விஷயத்தில் கறுப்பரை எப்படிப் பார்க்கிறார்களோ, அப்படியே உயர்சாதி இந்துக்கள் இந்தியாவின் பழங்குடிகளைப் பார்க்கிறார்கள். இப்படிப் போகிறது அந்த வாதம். (திண்ட் சீக்கியர். அந்தக் காலத்து அமெரிக்கக் காகிதங்களில் இந்தியர் எல்லோரும் இந்துக்களே.)

நம் வீட்டுப் பெண் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போகக் கூடாது. அவரைக் கூண்டில் ஏற்றச் சொல்லவில்லை. சட்டம் விட்டுவைத்த சந்து அது ஒன்றுதான், வக்கீல் அதில்தான் நுழைவார். ஆனாலும் தனக்கு உரிமை கேட்கப் போன ஒருவர், தன் ஊரில் யாரை ஒதுக்கிவைத்தோம் என்பதையே தகுதிச் சான்றிதழாக நீட்டியிருக்கிறார். இதை விட்டுவிட்டால் உன் பக்கத்தில் பாதிக்கப்பட்டவர் ஒருவர் இருப்பார், மனிதர் இருக்கமாட்டார். அந்தத் தீர்ப்பு வந்து நூறு ஆண்டும் இரண்டு நாளும் கழித்து, 2023 பிப்ரவரி 21 அன்று, சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அமெரிக்க நகரங்களில் அதுதான் முதல். அதே ஆண்டு கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய அதுபோன்ற மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பிவிட்டார். கப்பலில் போனபோது சாதியும் கூடவே போயிருக்கிறது.

அடுத்து, உழைப்பால் முன்னேறிய சமூகம் என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய். அதை அடித்துவிடு. உன் அப்பா உழைக்கவில்லை என்று யார் சொன்னது? ஆனால் 1946-இல் வந்த குடியேற்றச் சட்டம் இந்தியருக்கு ஒதுக்கிய இடம் ஆண்டுக்கு 100. எவ்வளவு உழைத்தாலும் நூற்றியோராவது ஆளுக்கு இடமில்லை. பிறந்த நாட்டை வைத்துக் கணக்குப் போடும் அந்த முறையை ஒழித்த சட்டத்தில் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்டது 1965 அக்டோபர் 3 அன்று. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் கறுப்பரின் வாக்குரிமைச் சட்டம் வந்திருந்தது. அந்த மார்ச்சில் அதே வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போய், செல்மா பாலத்தில் போலீஸிடம் அடிபட்டவர்கள் நமக்கு விசா வாங்கித் தரவா நடந்தார்கள்? இல்லை. சோவியத்துடனான போட்டியில் இனவாத நாடு என்று பெயர் வாங்கக் கூடாது என்ற கவலையும் அமெரிக்க அரசுக்கு இருந்தது. ஆனால் இனம் பார்த்துச் சட்டம் எழுதுவது வெட்கக்கேடு என்ற நிலையை நாட்டில் உண்டாக்கியவர்கள் முதலில் செல்மாவில் நடந்த அவர்கள்தான். மேலும், அந்தப் புதிய சட்டம் உறவினர்களுக்கு அடுத்தபடியாகப் படித்தவர்களையும் தொழில் தெரிந்தவர்களையும் தேடியது. பொறுக்கி எடுத்து அழைத்தவர்கள் முன்னேறியதில் ஆச்சரியம் என்ன?

நீ அமெரிக்காவில் பிறந்ததும் குடிமகள் ஆனாயே, அந்தக் கதையும் இதே வழியில்தான் வருகிறது. அந்த மண்ணில் பிறந்தவர் குடிமக்கள் என்று சொல்லும் பதினான்காவது அரசியலமைப்புத் திருத்தம், அடிமைகளாக இருந்தவர்களுக்காக 1868-இல் வந்தது. சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த சமையல்காரர் வாங் கிம் ஆர்க், சீனாவுக்குப் போய்த் திரும்பியபோது துறைமுகத்தில் தடுக்கப்பட்டார். அந்தத் திருத்தத்தைப் பிடித்துக்கொண்டு வழக்காடி 1898-இல் வென்றார். அவருக்கு எதிராக நின்ற இரு நீதிபதிகளில் ஒருவர் ஹார்லன். இரண்டு ஆண்டு முன்பு பிளெஸ்ஸி வழக்கில், கறுப்பருக்குத் தனி ரயில் பெட்டி கூடாது என்று தனியொருவராக மாறுபட்ட தீர்ப்பு எழுதிய அதே ஹார்லன்! நீ மெச்சி எழுதியிருக்கிறாயே, அந்தத் தீர்ப்பிலேயே சீனரை இழிவாகப் பேசும் ஒரு பத்தி இருக்கிறது. உனக்குக் கொடுத்த பகுதியில் அதை விட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். முழுவதையும் தேடிப் படி. தற்காலிக விசாவில் இருப்பவர்களின் குழந்தைகளுக்குப் பிறப்புக் குடியுரிமை வேண்டாம் என்று 2025 ஜனவரி 20 அன்று ஓர் ஆணை கையெழுத்தானதும், வழக்காடியவர்கள் கையிலெடுத்தது வாங் கிம் ஆர்க்கின் தீர்ப்பைத்தான். அப்படியொரு விசாவில் உன் அப்பா இருந்தபோதுதான் நீ பிறந்தாய்.

திண்ட் பக்கத்தைத் திரும்ப எழுது. என் கருத்தோடு ஒத்துப்போக வேண்டியதில்லை. அவர் செய்தது சரி என்றே நீ வாதாடலாம், அந்தச் சாதிப் பத்தியை மறைக்காமல் வாதாடினால் போதும். எழுதியதும் எனக்கு அனுப்பு. வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வேண்டாம் கண்ணு, எழுத்தாக அனுப்பு.

உன் பெரியம்மா