காத்திருக்கிற வீட்டிலும் பந்தி உண்டு

தியானப் பகுதி: 1 சாமுவேல் 1:1-20, எரேமியா 29:4-7



இந்த மாதம் ஒரு குடும்பப் பாடம். பிள்ளையைத் தத்தெடுக்கப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்காய்க் காத்திருக்கிற வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கடைசியில் உங்களுக்கும் ஒரு பங்கு வைத்திருக்கிறேன்.

இது புத்தகத்தில் படித்து எழுதுகிற காரியம் அல்ல. 2021-ம் வருஷம் நானும் என் மனைவியும் மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தில் (காரா) பெயர் பதிந்தோம். சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து விசாரித்து அறிக்கை எழுதினார். அதற்குப் பிறகு வரிசைதான். பதிந்திருக்கிற பெற்றோர் அதிகம், சட்டப்படி தத்துக்கு வருகிற சின்னப் பிள்ளைகள் குறைவு. ஆகவே வரிசை மெதுவாகத்தான் நகருகிறது. அந்த வீட்டு அறிக்கை 3 வருஷத்துக்குத்தான் செல்லும். எங்கள் அறிக்கையும் காலாவதியாகி, 2024-ல் இரண்டாம் தரம் எழுதினார்கள். பிள்ளை இன்னும் வரவில்லை.

இந்த வருஷங்களில் நாங்கள் செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். சின்ன அறை ஒன்றுக்கு வெள்ளையடித்து, தொட்டில் வாங்கிப் போட்டு, பூட்டி வைத்தோம். எங்கள் சந்தோஷத்தையும் அதோடு சேர்த்துப் பூட்டினோம் என்று அப்போது தெரியவில்லை. குற்றாலத்துக்குப் போகலாமா என்றால், "பிள்ளை வந்த பிறகு பார்த்துக்கலாம்." கல்யாண நாளுக்கு நாலு பேரைச் சாப்பிடக் கூப்பிடலாமா என்றால், "பிள்ளை வந்த பிறகு பார்த்துக்கலாம்." கொல்லையில் ஒரு மாங்கன்று வைக்கலாமா என்றாலும் அதே பதில்.

சபையில் பிள்ளைப் பிரதிஷ்டை நடக்கும். நான் பிறருடைய பிள்ளையைக் கையில் ஏந்தி ஜெபிப்பேன். என் மனைவி பாயில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொள்வாள். வீட்டுக்கு வந்து இருவரும் பேசாமல் சாப்பிடுவோம்.

அப்படிப்பட்ட ஒரு ராத்திரியில் அவள் கேட்டாள்: "பிள்ளை வந்தாத்தான் நாம குடும்பமா? அப்போ இத்தனை வருஷமா நாம யாருங்க?"

வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ வாங்கினவன் நான். என்னிடத்தில் பதில் இல்லை. அன்றைக்குத்தான் வேதத்தை மறுபடியும் திறந்தேன்.

1. அன்னாள் பிள்ளை வருமுன்னே சாப்பிட்டாள்

வருஷந்தோறும் சீலோவிலே பண்டிகை. எல்க்கானா தன் மனைவிக்குப் பங்கு வைத்துக்கொடுப்பான். அவளோ அழுதுகொண்டு சாப்பிடாமல் இருப்பாள். பிறகு கர்த்தருடைய சந்நிதியில் தன் இருதயத்தை ஊற்றினாள். 18-ம் வசனத்தைக் கவனியுங்கள். அவள் எழுந்துபோய்ச் சாப்பிட்டாள், அவள் முகம் அப்புறம் துக்கமாயிருக்கவில்லை. சாமுவேல் எப்போது வந்தான்? 20-ம் வசனத்தில்! இடையிலே அவர்கள் தேவனைப் பணிந்துகொண்டார்கள், ராமாவுக்குத் திரும்பினார்கள், தங்கள் வீட்டில் வாழ்ந்தார்கள்.

கைக்குப் பிள்ளை வரவில்லை, ஆனாலும் பந்திக்கு வந்துவிட்டாள். அழக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அன்னாள் நன்றாய் அழுதாள். ஆனால் கண்ணீரைத் தேவசமுகத்தில் வைத்துவிட்டு, சாப்பாட்டை வீட்டில் சாப்பிட்டாள். நாம் அநேகர் இதை மாற்றிச் செய்கிறோம்.

2. ஈசாக்கு 20 வருஷம் மனைவியை நேசித்தான்

ரெபெக்காளை விவாகம் பண்ணும்போது ஈசாக்குக்கு வயது 40. பிள்ளைகள் பிறந்தபோது 60 (ஆதியாகமம் 25:20, 26). நடுவில் 20 வருஷம்! அந்த வீடு இருண்டு கிடந்ததா? இல்லை. அவன் அவளை நேசித்தான், தாயை இழந்த துக்கத்தில் அவளாலே ஆறுதலடைந்தான் (24:67). பிள்ளை இல்லை என்று அவளைக் குறை சொல்லவில்லை, அவளுக்காக ஜெபித்தான் (25:21).

நம் நாட்டுத் தத்தெடுப்பு விதியைப் பாருங்கள். ஒரு தம்பதிக்குப் பிள்ளையைக் கொடுக்க, குறைந்தது 2 வருஷமாவது நிலையான தாம்பத்தியம் வேண்டும், இருவருக்கும் சம்மதம் இருக்கவேண்டும். சட்டமே பிள்ளைக்கு முன்னே புருஷன் மனைவியைப் பார்க்கிறது! இரண்டாம் தரம் வந்த சமூகப் பணியாளர் எங்களிடம், "சாயங்காலத்துல ரெண்டு பேரும் என்ன செய்வீங்க?" என்று சாதாரணமாய்க் கேட்டார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சொல்ல ஒன்றுமில்லை. பேங்க் கணக்குக்குப் பதில் வைத்திருந்தோம், இதற்கு வைத்திருக்கவில்லை.

3. பாபிலோனிலும் தோட்டம் போடுங்கள்

சிறைப்பட்டுப் போன ஜனங்களைக்குறித்து அனனியா ஒரு இனிப்பான தீர்க்கதரிசனம் சொன்னான்: 2 வருஷத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்று. கர்த்தரோ எரேமியாவைக்கொண்டு 70 வருஷம் என்றார். அதோடு என்ன சொன்னார்? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அதின் கனியைச் சாப்பிடுங்கள் என்றார். மூட்டையைக் கட்டி வாசலில் உட்காரச் சொல்லவில்லை.

நான் ஆவியின் வரங்களை விசுவாசிக்கிறவன். ஆனாலும் பாரத்தோடே சொல்லுகிறேன்: "அடுத்த வருஷம் இந்நேரம் உன் கையில் பிள்ளை" என்று என் மனைவியின் தலையில் கைவைத்துச் சொன்னவர்கள் மூன்று பேர். அந்த மூன்று வருஷமும் கடந்து போனது. கர்த்தர் சொல்லாததைச் சொல்லி ஒருவருடைய காயத்தைக் கிளறாதிருங்கள். அன்னாளுக்குக் கொடுத்தவர் நமக்கும் கொடுக்க வல்லவர். எப்போது, எப்படி என்பது அவருடைய கையில் இருக்கிறது.

4. ஆகாரின் வழியில் போகாதிருங்கள்

சாராள் காத்திருக்கமாட்டாமல் குறுக்குவழி பார்த்தாள். அந்த வீட்டில் சமாதானம் போயிற்று. ஆகாரும் அவள் பிள்ளையும் கண்ணீர் விட்டார்கள் (ஆதியாகமம் 16, 21). எங்களிடமும் ஒருவர் வந்தார். "ஒரு குழந்தை இருக்கு பாஸ்டர், பணம் மட்டும் ரெடி பண்ணுங்க, பேப்பர் எல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்றார். அன்று ராத்திரி நாங்கள் தூங்கவில்லை. விடிந்தபோது "வேண்டாம்" என்று சொல்லி அனுப்பினோம்.

2015-ம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டப்படி, பிள்ளையை விற்பதற்கும் வாங்குவதற்கும் 5 வருஷம் வரை கடுங்காவல் உண்டு. அதைவிடப் பெரிய காரியம், எங்கோ ஒரு தாய் ஏமாற்றப்பட்டிருக்கலாம். அவள் கண்ணீரின்மேல் நம் தொட்டிலை ஆட்டக் கூடாது. முன்னே நம் கிறிஸ்தவக் குடும்பங்கள் 1890-ம் வருஷத்துச் சட்டத்தின் கீழ் பாதுகாவலர் என்ற பெயர்தான் வாங்க முடிந்தது. இன்றோ சொந்தப் பிள்ளைக்குள்ள சகல உரிமையோடும் தத்தெடுக்க நேரான வழி திறந்திருக்கிறது. நீளமான வழிதான், ஆனாலும் சுத்தமான வழி.

5. வருகிற பிள்ளைக்காகவும் சந்தோஷமாயிருங்கள்

தத்து வருகிற பிள்ளை ஏற்கெனவே ஒரு தாயை இழந்து வருகிறது. அதின் சின்னத் தோளில் நம்முடைய துக்கத்தையும் ஏற்றி வைக்கலாமா? "நீ வந்துதான் இந்த வீட்டைச் சிரிக்க வைக்கணும்" என்று ஒரு குழந்தைக்கு வேலை கொடுக்கலாமா? சிரிப்பு இருக்கிற வீட்டுக்கு அது வரட்டும்.

பவுல் நம்முடைய இரட்சிப்பையே புத்திர சுவிகாரம் என்கிறார். பிதா வெறுமையைத் தாங்கமாட்டாமல் நம்மைச் சேர்த்துக்கொள்ளவில்லை. தம்முடைய அன்பின் நிறைவிலிருந்து சேர்த்துக்கொண்டார் (எபேசியர் 1:5). அல்லேலூயா! ரோமர் 8:23-ன்படி நாமும் அந்தச் சுவிகாரத்தின் நிறைவுக்காக இன்னும் காத்திருக்கிறவர்களே. காத்திருந்துகொண்டே ஆராதிக்கிறோம், கைதட்டிப் பாடுகிறோம் அல்லவா? வீட்டிலும் அப்படியே.

நாங்கள் தொடங்கின சில காரியங்கள்

- ராத்திரிச் சாப்பாடு சேர்ந்து. செல்போன் அலமாரியில்.
- குடும்ப ஜெபத்தில் முதலில் ஸ்தோத்திரம், பிறகு பிள்ளைக்கான விண்ணப்பம். முன்னே விண்ணப்பம் மட்டுமே இருந்தது.
- காரா வரிசை எண்ணைத் தினமும் பார்ப்பதில்லை. மாதத்தில் ஒரு நாள் சேர்ந்து பார்க்கிறோம், சேர்ந்து பேசுகிறோம்.
- பூட்டின அறையைத் திறந்தோம். சனிக்கிழமை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் அங்கே வசனம் படிக்கிறார்கள். தொட்டில் ஓரமாய் இருக்கிறது.
- என் மனைவிக்கு மனம் தாங்காத நாளில் அவள் பிரதிஷ்டை ஆராதனைக்கு வருவதில்லை. நான் வற்புறுத்துவதும் இல்லை.

சபையாருக்கு ஒரு வார்த்தை

"ஏதாவது விசேஷம் உண்டா?" என்று வாசலில் கேட்காதிருங்கள். விசேஷம் இருந்தால் அவர்களே ஓடிவந்து சொல்லுவார்கள். "யார் பெத்த பிள்ளையோ" என்கிற பேச்சு நம் வாயில் வேண்டாம். எஸ்தரை மொர்தெகாய் வளர்த்தான். நம் ஆண்டவரையே யோசேப்பு தன் வீட்டில் வளர்த்தான். காத்திருக்கிற தம்பதியை உபவாச ஜெபத்துக்கு மட்டும் கூப்பிடாமல், மத்தியானச் சாப்பாட்டுக்கும் கூப்பிடுங்கள்.

பிரியமானவர்களே, போன மழைக்காலத்தில் கொல்லையில் மாங்கன்று வைத்தோம். காய்க்க வருஷமாகும். பரவாயில்லை. தினமும் சாயங்காலம் இருவரும் தண்ணீர் ஊற்றப் போகிறோம். இனி அந்தச் சமூகப் பணியாளர் கேட்டால் சொல்லப் பதில் இருக்கிறது.

ஜெபம்: அன்புள்ள பரம பிதாவே, எங்கள் வெறுமையை நீர் அறிவீர். நீர் இன்று கொடுத்திருக்கிற துணைக்காகவும் ஆகாரத்துக்காகவும் உமக்கு ஸ்தோத்திரம். எங்கோ எங்களுக்காகக் காத்திருக்கிற பிள்ளையை இன்று ராத்திரியும் காத்துக்கொள்ளும். அந்தப் பிள்ளை வருமட்டும் எங்கள் வீட்டை வீடாகவே வைத்தருளும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், ஆமென்.