கறிச்சட்டியைக் கழுவி வைத்தால் சுகர் இறங்கிவிடுமா?

ஐப்பசி பிறந்ததும் என் மேசைக்கு வருகிற ரிப்போர்ட்டுகளோடு ஒரு கோபமும் சேர்ந்து வரும். "புரட்டாசி மாசம் பூரா சுத்த சைவமுங்க. கறி, மீன், முட்டை எதையும் கையால தொடலை. அப்புறம் எப்படிங்க சுகர் ஏறுச்சு?" பெருமாளைக் கேட்க முடியாததால் உணவியல் ஆலோசகரான என்னைக் கேட்கிறார்கள்.

சேலம், நாமக்கல் பக்கம் இன்றைக்கு வீட்டுக்கு வீடு உலவுகிற வதந்தி இதுதான்: அசைவத்தை விட்டால் போதும், சர்க்கரையும் கொழுப்பும் பிரஷரும் தானாக இறங்கிவிடும். இதற்கு ஒரு படி மேலே போய், "பாலையும் விட்டு வீகனாக மாறிவிட்டால் மாத்திரையே வேண்டாம்" என்கிறார்கள். அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டு, சர்க்கரை முந்நூற்றைத் தாண்டியபின் வந்து உட்காருகிறவர்களிடம் எனக்கு இரக்கத்தைவிடக் கோபம்தான் முதலில் வருகிறது.

நம் கணக்கையே போட்டுப் பார்ப்போம். வாரத்துக்கு 21 வேளை சாப்பிடுகிறோம். இந்தப் பக்கத்துச் சராசரிக் குடும்பத்தில் கறி என்பது ஞாயிற்றுக்கிழமை ஒரு வேளை. வசதி இருந்தால் புதன்கிழமை இன்னொரு வேளை, நடுவில் இரண்டு மூன்று முட்டை. அசைவத்தை விட்டவர் மாற்றியது இந்த இரண்டு மூன்று வேளையைத்தான். மற்ற வேளைகளில் காலையில் நான்கு இட்லி, தண்ணீராக ஒரு சட்னி, மத்தியானம் குவித்த சோறும் ரசமும், சாயங்காலம் தட்டுவடை செட், ராத்திரி தோசை. இதில் ஒன்றைக்கூட அவர் தொடவில்லை. உங்கள் சர்க்கரை ஏறியது அந்த ஒரு வேளை ஆட்டால் என்று எந்தக் கணக்கு வாத்தியார் சொன்னார்?

இதைவிட மோசம், அந்த இரண்டு மூன்று வேளையில் கறி இருந்த இடத்துக்கு வந்து சேர்வது. முட்டை போன இடத்தில் இன்னொரு கரண்டிச் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் ஏறுகிறது. மீன் போன இடத்தில் அப்பளம். விரத நாளென்றால் ஜவ்வரிசிக் கஞ்சி, ஜவ்வரிசி உப்புமா, ஜவ்வரிசிப் பாயசம். "லேசான சாப்பாடுங்க, வயித்துக்கு இதமா இருக்கும்" என்று வேறு சொல்கிறார்கள்.

ஜவ்வரிசியைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியிருப்பது வேடிக்கைதான். இரண்டாம் உலகப் போரில் கப்பல் வரத்து நின்றுபோன சமயம், 1943 வாக்கில் சேலத்தில் தொடங்கிய தொழில் இது. 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது, 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆத்தூர் ரோட்டில் பஸ்ஸில் போகிற யாரும் ஆலைக் களத்தில் வெள்ளை வெளேரென்று காய்வதைப் பார்த்திருப்பார்கள். மரவள்ளிக் கிழங்கைத் தோல் சீவி, அரைத்து, பால் பிழிந்து, தொட்டியில் தெளியவிட்டு, அடியில் படிகிற மாவை மட்டும் எடுத்து உருட்டி, வறுத்துக் காயவைப்பதுதான் ஜவ்வரிசி. கிழங்கில் இருந்த நார் திப்பியாகவே போய்விடுகிறது. மிச்சம் மாவு, வெறும் மாவு. 100 கிராமில் ஏறக்குறைய 350 கலோரி, புரதம் ஒரு கிராம்கூடத் தேறாது. காய்ச்சல்காரருக்கு இரண்டு நாள் கொடுங்கள், நல்ல நாளில் பாயசம் வையுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் சர்க்கரைக்காரர் கறியை விட்டுவிட்டு இதைக் குடித்தால் அதை விரதம் என்று சொல்லலாம், வைத்தியம் என்று சொல்ல முடியாது.

நான் சொல்வதை நம்ப வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வின் முடிவு 2023-இல் வந்தது: நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு. அதே ஆய்வின் உணவுப் பகுதி 2025-இல் வெளியானது. நாம் சாப்பிடும் மொத்தக் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்கிறது அது. அந்த மாவுச்சத்தில் வெறும் 5 சதவீதக் கலோரியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால், முட்டை, மீன் வழியாக வருகிற புரதத்தை வைத்தால் நீரிழிவுக்கான வாய்ப்பு குறைகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். முட்டையும் பருப்பும் அங்கே ஒரே வரிசையில் நிற்பதைக் கவனியுங்கள். ஆபத்தை ஏற்றுவது மாவுச்சத்தின் அளவு என்கிற ஆய்வை வாட்ஸ்அப்பில் யாரும் அனுப்புவதில்லை, அதில் பயமுறுத்த ஒன்றும் இல்லை போலும்.

அப்படியானால் சைவத்தால் பலனே இல்லையா? இருக்கிறது. அமெரிக்காவின் அட்வென்டிஸ்ட் திருச்சபையினரிடம் நடத்திய பெரிய ஆய்வு 2009-இல் வெளிவந்தது. அதில் அசைவம் சாப்பிடுபவர்களில் 7.6 சதவீதம் பேருக்கு நீரிழிவு, வீகன்களில் 2.9 சதவீதம். வதந்தி பரப்புகிறவர்கள் இந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். வரட்டும். அந்த வீகன்கள் பயறும் கொட்டையும் முழுத்தானியமும் சாப்பிடுகிறவர்கள், அசைவக்காரர்களைவிட எடையும் வெகுவாகக் குறைந்தவர்கள். ஐந்து தோசையை ஒரே உட்காரலில் முடித்துவிட்டு "நானும் சைவம்தானே" என்பவருக்கு அந்த ஆய்வில் இடமில்லை.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் ஒரு தட்டு போட்டுக் காட்டியது. நாளைக்கு 2000 கலோரி தேவைப்படுபவருக்குத் தானியம் 250 கிராம், காய்கறி 400 கிராம், பருப்பு பயறு 85 கிராம், கொட்டை வித்துகள் 35 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, எண்ணெய் 27 கிராம். முட்டையும் கறியும் சாப்பிடுகிறவர்கள் அந்த 85 கிராமுக்குள்தான் அதை வைத்துக்கொள்ள வேண்டும். அசைவத்தை விட்டவர் வீட்டில் போய்ப் பாருங்கள். நான்கு பேர் சாம்பாருக்கு ஒரு கைப்பிடி துவரம்பருப்பு. தலைக்கு 15 கிராம் வந்தால் அதிகம். எடுத்ததற்கு ஈடு வைக்காமல் எடுப்பதைச் சைவத்துக்கு மாறுவது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஈடு வைக்க நம் மண்ணில் பொருளுக்கா பஞ்சம்? கொள்ளு, தட்டப்பயறு, பச்சைப்பயறு, மொச்சை, நிலக்கடலை, எள்ளு எல்லாம் இந்த மானாவாரிக் காட்டில் விளைந்தவைதான். "சைவம்னா சப்புன்னு இருக்குமுங்க" என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை தெருவில் மணப்பது ஆடா? மல்லியும் மிளகும் சோம்பும் பட்டையும் வறுத்த சின்ன வெங்காயமும் தேங்காயும் சேர்ந்த மசாலாதானே! அதே மசாலாவை அம்மியிலோ மிக்ஸியிலோ அரைத்துப் பச்சை மொச்சையில் ஊற்றிக் கொதிக்க விடுங்கள். கொல்லிமலைப் பலாமூசு கிடைக்கிற நாளில் அதில் செய்யுங்கள். காளானில் செய்யுங்கள். குழம்பு மணத்தில் குறைந்தால் என்னிடம் வந்து சண்டை போடுங்கள்.

கொள்ளுக் கடைசலைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் செய்கிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். கொள்ளை வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து, ராத்திரியே ஊறப்போட்டு, மெத்தென்று வேகவிட வேண்டும். வெந்த தண்ணீரைக் கொட்டிவிடாமல் வடித்து ரசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மல்லி விதை, சீரகம், வரமிளகாய், நிறையப் பூண்டு, சின்ன வெங்காயம், தக்காளி, கொஞ்சம் புளி ஆகியவற்றை வதக்கி, மண்சட்டியில் கொள்ளோடு போட்டு மத்தால் கடைய வேண்டும். மிக்ஸியில் அடித்தால் கூழாகிவிடும். மத்து பட்டால்தான் பாதி மசிந்தும் பாதி மசியாமலும் நிற்கும், பல்லுக்கு ஒரு வேலை இருக்கும். மேலே ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய். காய்ந்த கொள்ளில் 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் புரதம் உண்டு, நாரும் தாராளம். ஆனால் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஒரு ஸ்பூன் என்று வைக்காதீர்கள். ஒரு கிண்ணம் கடைசலுக்கு ஒரு கரண்டிச் சோறு என்று அளவைத் திருப்பிப் போடுங்கள்.

இனி சில்லறை நம்பிக்கைகள்.

"கொள்ளுத் தண்ணி குடிச்சா கொழுப்பு கரையும்." கரையாது. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழியை வைத்துக்கொண்டு, கொள்ளைக் குப்பையில் போட்டுவிட்டுத் தண்ணீரைக் குடிக்கிறார்கள். கொள்ளைத் தின்னுங்கள் அய்யா.

"அரிசியை விட்டு ராகிக்கு மாறிட்டேன்." நல்லது, கால்சியமாவது கிடைக்கும். ஆனால் தட்டு நிறையக் களி உருண்டை போட்டால் அதுவும் மாவுதான். மொத்த அளவைக் குறைக்காமல் கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாறுவதால் நீரிழிவு வாய்ப்பு குறையவில்லை என்று நான் மேலே சொன்ன 2025 ஆய்வே சொல்கிறது. சாமைக்கும் தினைக்கும் இதே தீர்ப்புதான்.

"கோழிக்கு ஹார்மோன் ஊசி போடறாங்க, அதான் சைவத்துக்கு வந்துட்டேன்." நாமக்கல்லில் உட்கார்ந்துகொண்டே இதைச் சொல்கிறார்கள். இங்கே பெரும்பாலும் இருப்பது முட்டைக்கோழி. கறிக்கோழி என்றால் பல்லடம். ஒரு கொட்டகையில் ஆயிரக்கணக்கில் நிற்கிற கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போட்டால் பண்ணைக்காரர் கூலியிலேயே திவாலாகிவிடுவார். அது நாற்பது நாளில் வளர்வது இனத்தேர்வாலும் தீவனத்தாலும்தான். கவலைப்பட வேண்டியது ஆன்டிபயாட்டிக் மருந்துகளைப் பற்றி. கோலிஸ்டின் என்ற மருந்தை உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் கொடுக்கக் கூடாது என்று 2019-இல் மத்திய அரசு தடை போட்டது அதனால்தான்.

"மீல் மேக்கர் சாப்பிட்டா ஆண்மை போயிடும்." போகாது. அடுத்தது.

"பழைய சோத்துல பி12 இருக்கு, அதனால பாலை விட்டாலும் பயமில்லை." இதை மட்டும் சிரித்துவிட்டுக் கடக்க முடியவில்லை. பழைய சோறு எனக்கும் பிடிக்கும், சின்ன வெங்காயத்தோடு. ஆனால் பி12-ஐ உண்டாக்குபவை சில வகை பாக்டீரியாக்கள்தான், எந்தத் தானியமும் காயும் கீரையும் அதைத் தராது. ராத்திரி ஊறிய சோற்றுத் தண்ணீரை நம்பி ஒரு உடம்பை ஒப்படைக்க முடியாது. ஈரலில் இருப்பு இருப்பதால் குறைபாடு வெளியே தெரிய வருடங்கள் ஆகலாம். தெரியும்போது கால் மதமதப்பு, பாத எரிச்சல், மறதி என்று வரும். சர்க்கரைக்காரர் அதைச் 'சுகர் நரம்பு' என்றே நினைத்துக்கொள்வார். போதாக்குறைக்கு அவர் விழுங்குகிற மெட்ஃபார்மின் மாத்திரையும் பி12 உடம்பில் சேர்வதைக் குறைக்கும். ஆகவே மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர் பாலையும் முட்டையையும் சேர்த்து விடுவதாக இருந்தால், விடுவதற்கு முன்பே ரத்தத்தில் பி12 அளவைப் பார்த்துவிட்டு, டாக்டரிடம் கேட்டு பி12 மாத்திரை தொடங்க வேண்டும். வீகனாக இருப்பது உங்கள் விருப்பம். பி12 எடுத்துக்கொள்வதில் விருப்பத்துக்கு வேலையில்லை.

கடைசியாக, பெரியவர்களை விட்டுவிட்டுப் பிள்ளைகளுக்கு வருகிறேன். சத்துணவில் பள்ளி நாள்தோறும் முட்டை கொடுக்கிற மாநிலம் இது. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு அதற்குப் பதிலாக வாழைப்பழம் கொடுக்கிறோம். ஒரு முட்டையில் 6 கிராம் புரதமும் பி12-ம் உண்டு. ஒரு வாழைப்பழத்தில் புரதம் ஒரு கிராம் சொச்சம், பி12 சுத்தமாக இல்லை. சைவப் பிள்ளை என்பதற்காக அதன் தட்டில் புரதத்தைப் பிடுங்கிவிட்டு இனிப்பை வைக்கிறோம், அதுவும் வருடக்கணக்காக. மேலே நான் திட்டிய பெரியவர்கள் வீட்டில் செய்வதும் இதேதான். 25 கிராம் நிலக்கடலையில் அந்த 6 கிராம் புரதம் வந்துவிடுகிறது, கூட ஒரு டம்ளர் பால் கொடுத்தால் பி12-க்கும் வழியாகிறது. சுற்றுவட்டாரம் முழுக்கக் கடலைக்காடு. வறுத்த கடலையோ கடலை உருண்டையோ கொடுப்பதற்குச் சத்துணவுக் கூடத்தில் தனியாக ஒரு அடுப்புகூடப் பற்றவைக்க வேண்டியதில்லை.