கருவிகள் குரல் கொடுப்பது எப்படி?

ஒரு கல்லூரியில் 300 கணிப்பொறிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றை ஒன்றோடொன்று இணைப்பவை ஸ்விட்ச், ரூட்டர் என்னும் கருவிகள். இவை பெரும்பாலும் பூட்டிய அறைகளில் இருக்கும். நள்ளிரவில் ஒன்று பழுதானால் வலையமைப்பின் நிர்வாகிக்கு எப்படித் தெரியும்?

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. உங்கள் ஆசிரியர் வருகைப் பதிவு எடுக்கிறார். ஒவ்வொருவரும் 'உள்ளேன் ஐயா' என்கிறீர்கள். அதைப் போல, மேற்பார்வைக் கணிப்பொறி சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு கருவியையும் விசாரிக்கும். இது முதல் வழி. பாடத்தின் நடுவே ஒரு மாணவன் தானாகவே எழுந்து, 'ஐயா, தலை சுற்றுகிறது' என்கிறான் அல்லவா? அது இரண்டாவது வழி. கருவி இவ்வாறு தானே அனுப்பும் செய்தியை 'டிராப்' என்பர். இவ்விரண்டுக்கும் பொதுவான விதிமுறை 1988-இல் வகுக்கப்பட்டது. அதன் பெயர் எஸ்.என்.எம்.பி.

கருவியில் செய்யவேண்டிய ஏற்பாடு எளியதுதான். செய்தி எந்த முகவரிக்குப் போகவேண்டும், எந்தெந்த நிகழ்ச்சிகளுக்குப் போகவேண்டும், அடையாளச் சொல் எது என்று குறித்துவிட்டால் போதும். பல கருவிகளில் அந்தச் சொல் 'பப்ளிக்' என்றே இருக்கும். அதை அப்படியே விடுவது கதவில் சாவியைத் தொங்கவிடுவது போன்றது! மூன்றாம் பதிப்பில் செய்தியை மறைமொழியாக மாற்றியே அனுப்பலாம்.

டிராப் மட்டும் போதாதா? போதாது. மின்சாரம் முற்றிலும் நின்றுபோன கருவியால் பேச முடியாது. மேலும், டிராப் சாதாரணத் தபாலைப் போன்றது. சேர்ந்ததா என்று அனுப்பியவருக்குத் தெரியாது. இரண்டாம் பதிப்பில் வந்த 'இன்ஃபார்ம்' என்ற வகை, ஒப்புதல் வராவிட்டால் மறுபடி அனுப்பும்.

உண்மையான சிக்கல் இனிமேல்தான். வெப்பநிலை 60 டிகிரியைத் தாண்டினால் அறிவிக்கச் சொல்கிறோம். அது 59-க்கும் 61-க்கும் இடையே ஊசலாடினால்? இரவு முழுவதும் செய்திமழைதான். ஆகவே, 60-இல் ஒருமுறை அறிவித்தபின், 50-க்குக் கீழே இறங்கும்வரை வாய் திறக்காதே என்று அமைக்கவேண்டும். அதேபோல், ஒரு முதன்மை ஸ்விட்ச் நின்றால் அதன் பின்னாலுள்ள 40 கருவிகளும் இறந்தவைபோல் தோன்றும். அப்போது வரவேண்டியது ஒரே ஒரு செய்தி.

இதெல்லாம் வசதிக்காக மட்டுமல்ல. 1979-இல் அமெரிக்காவின் திரீ மைல் தீவு அணுமின் நிலைய விபத்தின் தொடக்கத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட அபாய அறிவிப்புகள் ஒருசேர எழுந்தன. எது முக்கியம் என்று பிரித்தறிய இயக்குநர்கள் திணறினர். 'சிஸ்லாக்' என்ற முறையில் 0 முதல் 7 வரை தரம் பிரிப்பது இதற்காகத்தான். 0 மிக அவசரம். 7 வெறும் விவரக் குறிப்பு. தூங்குபவரை எழுப்ப 0, 1, 2 போதும் என்பது என் கருத்து.

செய்தி போகும் பாதையையும் கவனியுங்கள். வலையமைப்பே அறுந்தால் அதன் வழியாக மின்னஞ்சல் எப்படிப் போகும்? 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் முடங்கியது. பழுதைச் சீராக்க உதவும் அதன் உள் கருவிகளும் கூடவே முடங்கிவிட்டதால், பொறியாளர்கள் நேரில் செல்ல நேர்ந்தது. ஆகவே, சிம் அட்டையுள்ள தனி மோடம் ஒன்றின் மூலம் குறுஞ்செய்தி அனுப்புவது நல்லது.

ஏற்பாடு முடிந்ததும், பயன்பாட்டில் இல்லாத ஓர் இணைப்பின் கம்பியை வேண்டுமென்றே பிடுங்கிவிட்டு, நிர்வாகியின் தொலைபேசி எத்தனை விநாடியில் ஒலிக்கிறது என்று கடிகாரத்தைப் பார்க்கவேண்டும்.